மஞ்சள் நூல் கட்டிய மரங்கள்

1

ஊரிலிருந்து யார் பேசினாலும் கடைசியில் ஒரே கேள்விக்குத்தான் வந்து நிற்பார்கள். "அது சரி, அங்க நீ இன்னாதான் பண்றே?" கணவருக்கு என்ன வேலை என்று எல்லோருக்கும் தெரியும். மகள் என்ன படிக்கிறாள் என்றும் தெரியும். என் விஷயம்தான் யாருக்கும் பிடிபடுவதில்லை. காலையில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு வேகவைக்கிறேன், மதியத்துக்கு மேல் காட்டுக்குப் போய் வேர் எடுக்கிறேன் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். திருவண்ணாமலையிலிருந்து சுவீடன் வரைக்கும் விமானம் ஏறிப் போய் வேர் பிடுங்குகிறாளாம்! சிரித்துவிட்டுப் போகட்டும். நான் பின்னிய தோரணம் இந்தச் சின்ன ஊரில் எத்தனை வாசல்களில் தொங்குகிறது என்று ஒருமுறை வந்து பார்த்தால் அவர்களே மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

இன்று கார்த்திகை தீபம். காலையிலிருந்து அண்ணன் கைப்பேசியில் மலையைப் படம் படமாக அனுப்பிக்கொண்டிருக்கிறான். போன வருஷம் இதே தீபத்தன்று எனக்கு ஒன்று நடந்தது. ஊருக்கு அதை அரைகுறையாகத்தான் சொல்லியிருக்கிறேன். கொடியும் வேரும் வைத்து நான் செய்யும் வேலையை முழுதாகச் சொல்ல வேண்டுமென்றால் அதையும் சொல்லியாக வேண்டும்.

2

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டியது. அப்பாவுக்கு வேர் வியாபாரம். நன்னாரி, வெட்டிவேர், பௌர்ணமிக் கூட்டத்துக்கு வெட்டிவேர் மாலை. அவருக்குப் பிறகு கடையைப் பார்த்துக்கொண்ட அண்ணன் ராஜேந்திரன் அந்த வியாபாரத்தை மருந்திலிருந்து அலங்காரத்துக்குத் திருப்பிவிட்டான். ஓணாங்கொடியில் விளக்குக்கூடு பின்னுவான். உன்னிச்செடிக் குச்சியில் கண்ணாடிக்குச் சட்டம் போடுவான். ஓடைக்கரையில் மண் அரித்து வெளியே வந்த வேரைக் கழுவித் தேய்த்து மேஜைக்குக் காலாக்கிவிடுவான். லாட்ஜ்காரர்கள், காபிக் கடைக்காரர்கள், அங்கேயே வீடு எடுத்துத் தங்கிவிட்ட வெள்ளைக்காரர்கள் எல்லோரும் அவன் பட்டறைக்குத்தான் வருகிறார்கள். "ஆர்டர் ஜாஸ்தி, ஆளு கம்மி" என்பதுதான் அவனுடைய ஒரே புலம்பல். அந்தப் புலம்பலைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வான்.

நானும் கல்யாணம் ஆகும்வரை அந்தப் பட்டறையில்தான் இருந்தேன். எங்கள் இருவரில் யார் விரல் வேகம் என்ற சண்டை இன்னும் தீரவில்லை. என் விரல்தான் வேகம். இதை அவன் படிப்பான் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வேர் எடுக்கப் போகிறவர் முதல் நாளே போய்ச் செடிக்கு மஞ்சள் நூல் கட்டிவிட்டு வர வேண்டும். அதற்குக் காப்புக் கட்டுவது என்று பெயர். "இன்ன காரியத்துக்கு உன்னை எடுக்கப்போறேன், கோவிச்சுக்காதே" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மறுநாள் காலையில்தான் தோண்டுவது. ஒரு பக்கத்து வேரை மட்டும் எடுத்துவிட்டு மண்ணை மூடிவிட வேண்டும். கட்டிய நூலை அவிழ்க்கக் கூடாது, அது தானாக இற்று விழட்டும். மிச்சமிருக்கும் நூலில் ஒரு துண்டைச் செய்து முடித்த பொருளின் ஓரத்தில் முடிந்துவிடுவோம். கேட்டு எடுத்தது என்பதற்கு அதுதான் அடையாளம். அண்ணனின் விளக்குக்கூட்டில் அந்த மஞ்சள் முடிச்சைப் பார்க்கும் வெள்ளைக்காரர்கள் அது ஏதோ கம்பெனி முத்திரை என்று நினைத்துக்கொள்கிறார்களாம்.

3

சுவீடனுக்கு வந்த புதிதில் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. என் கணவர் சேகருக்கு மரக்கதவு செய்யும் ஆலையில் கணினி வேலை. அவருக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். நிலக்கடலைச் செடியைத் தவிர வேறு செடியைத் தெரியாது என்று நான் கேலி செய்வேன். அவர் காலையில் போய்விடுவார், மகள் யாழினி பள்ளிக்குப் போய்விடுவாள். நானும் என் பத்து விரல்களும் வீட்டில் கிடந்தோம்.

அப்போதுதான் டிசம்பரில் எதிர்வீட்டுக் கதவில் இலை வைத்துக் கட்டிய ஒரு வளையம் தொங்கியதைப் பார்த்தேன். நமக்குத் தெரிந்த மலர்வளையம் ஒன்றே ஒன்றுதானே? அந்த வீட்டுக் கிழவர் போய்விட்டார் என்றே முடிவுகட்டிவிட்டேன். வெறுங்கையோடு போகக் கூடாதென்று சாதம் வடித்து ரசம் வைத்து எடுத்துக்கொண்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கதவைத் தட்டினேன். கிழவரே வந்து திறந்தார். சந்தோஷமாக ரசத்தை வாங்கிக்கொண்டார். அது கிறிஸ்துமஸ் அலங்காரம் என்று சாயங்காலம் யாழினி சொன்னபோது எனக்கு ஒரு பக்கம் வெட்கமாக இருந்தது. இன்னொரு பக்கம் கை பரபரத்தது. அந்த வளையத்தின் பின்னல் அவ்வளவு மோசம்.

மறுநாளே கொடி தேட ஆரம்பித்தேன். பழைய மாட்டுக்கொட்டகைச் சுவர்களில் ஹம்லே என்று ஒரு கொடி ஏறிக்கிடக்கும். அதன் பூவைப் பீர் காய்ச்சப் போடுவார்களாம். "கடைசியில சாராயக் கொடியிலயா கை வெச்சே?" என்று சேகர் கேட்டார். குளிர்காலத்தில் இலை உதிர்ந்தபின் அந்தக் கொடி ஓணாங்கொடியைப் போலவே முறுக்குக் கொடுக்கும். ஆனால் அதைவிட எனக்குக் கிடைத்த பெரிய புதையல், கிரான் என்கிற ஊசியிலை மரத்தின் வேர். கிறிஸ்துமஸ் மரமென்று நம் ஊரில் படம் போடுவார்களே, அதே மரம்தான். காட்டுத்தரையில் மெத்தென்று பாசி மூடியிருக்கும். அதை விலக்கினால் பென்சில் கனத்தில் வேர் நேர்கோடாக ஓடும். பிளந்த குச்சிக்கு நடுவில் கொடுத்து இழுத்தால் தோல் உரிந்து பளபளவென்று தந்த நிறத்தில் வெளியே வரும். தண்ணீரில் ஊறப்போட்டால் ஜடை பின்னுகிற மாதிரி பின்னலாம்.

வளையம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. எதிர்வீட்டு வளையத்தை வீடியோவில் பார்த்த அம்மா, "வாசல்ல எதுக்கும்மா சாவு வளையம் மாட்டிக்கிறாங்க?" என்று பதறிவிட்டாள். அதனால் கொடியை முறுக்கி நிலைக்கு மேலே நீளமாகத் தோரணம் செய்தேன். மாவிலைக்குப் பதிலாக வேரில் இலை பின்னித் தொங்கவிட்டேன். எதிர்வீட்டுக் கிழவருக்குத்தான் முதல் தோரணம். ரசம் குடித்த நன்றிக்கு அவர் ஊரெல்லாம் சொன்னார். அடுத்த வருஷம் ஊர்க் கிறிஸ்துமஸ் சந்தையில் எனக்கு ஒரு மேஜை கிடைத்தது.

4

நூல் விஷயத்தில் யாழினிக்கு என்னோடு ஒத்துப்போனதே இல்லை. வந்தபோது பால்வாடிக் குழந்தை. இப்போது என்னைவிட உயரம். தமிழில் கேட்டால் சுவீடிஷில் பதில் சொல்வாள். தொலைபேசியில் அண்ணன் "பாப்பா" என்றால் "ஹாய் மாமா" என்பதோடு சரி. முதல்முறை அவளைக் காட்டுக்கு அழைத்துப் போனபோது நான் மரத்திடம் பேசுவதைப் பார்த்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"அம்மா, யாராச்சும் வந்துடப் போறாங்க. சீக்கிரம் பேசி முடி."

"மரத்துகிட்ட அவசரமா பேச முடியாதுடி."

"இது சுவீடன் மரம். அதுக்குத் தமிழ் தெரியாது."

"உனக்கே தெரியல, அதை ஏன் சொல்றே?"

அதற்குப் பிறகு அவள் வந்ததில்லை. எனக்கு அது உறுத்தத்தான் செய்தது. கை வேலையைவிட, கேட்டு எடுக்கும் அந்தப் பழக்கம் அவளிடம் போய்ச் சேர வேண்டுமென்று ஆசைப்பட்டேன். அதைச் சொன்னால் கண்ணை உருட்டுவாள்.

மஞ்சளில் தோய்த்த நூல் இங்கே முதல் மழையிலேயே வெளுத்துவிடும். மறுநாள் எந்த மரமென்று தேடி அலைய வேண்டியதாயிற்று. அதனால் கடையில் பளீரென்று ஒரு மஞ்சள் கம்பளி நூல் வாங்கிக்கொண்டேன். நெஞ்சு உயரத்தில் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையாகக் கட்டினால் தூரத்திலிருந்தே தெரியும்.

இந்த நாட்டில் யார் காட்டிலும் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், காட்டுப்பழம் பறிக்கலாம், காளான் எடுக்கலாம் என்று மொழி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அடடா, என்ன நல்ல சட்டம் என்று வேரையும் அதில் சேர்த்துக்கொண்டுவிட்டேன். வேர், கிளை, பட்டை எல்லாவற்றுக்கும் நிலத்துக்காரரைக் கேட்க வேண்டுமாம். அதைச் சேகர் ஆலையில் யாரிடமோ கேட்டுக்கொண்டு வந்து சொன்னபோது, அந்த வருஷத்துக்கு வேண்டிய வேரையெல்லாம் நான் எடுத்து முடித்திருந்தேன். மரத்தைக் கேட்டேன், மனுஷரைக் கேட்கவில்லை.

5

போன வருஷம் அக்டோபர் கடைசியில் ஒருநாள் நான் வேர் எடுத்த காட்டுப் பக்கம் நடக்கப் போனேன். காட்டைக் காணோம். குன்று முழுக்க வழித்தெடுத்த மாதிரி வெறும் அடிக்கட்டைகள். நிலத்துக்காரர் மரத்தை விற்றிருக்கிறார், பெரிய இயந்திரம் வந்து அறுத்துப்போட்டிருக்கிறது. நடுவில் பத்துப் பன்னிரண்டு மரங்கள் மட்டும் நின்றுகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் இடுப்பிலும் என் மஞ்சள் நூல்.

வெட்டாமல் விட வேண்டிய மரத்துக்கு இங்கே பளிச்சென்று நாடா கட்டிவைப்பார்களாம். இயந்திரத்துக்காரன் என் நூலை அப்படி நினைத்துக்கொண்டு ஒவ்வொரு மரத்தையும் சுற்றிப் போயிருக்கிறான். நான் அங்கேயே ஒரு கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். பயம் வரும் முன்னால் எனக்கு வந்தது என்னவோ சந்தோஷம்தான். அதை மறைப்பானேன்?

பயம் வீட்டில் காத்திருந்தது. இந்த ஊர்க்காரர்கள் கைப்பேசியில் வைத்திருக்கும் குழுவில் ஆன்னிகா என்ற பெண் எழுதியிருந்ததை யாழினி வாசித்தாள். "என் காட்டில் மஞ்சள் நூல் கட்டியது யார்? விளையாட்டென்றால் இது எனக்கு நஷ்டம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இல்லையென்றால் போலீசில் சொல்லப்போகிறேன்."

சேகர் சோற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"விஜயா, சிட்டிசன்ஷிப்புக்குப் போட்டிருக்கோம். இந்த நேரத்துல போலீஸ்னு பேரு அடிபட்டா எல்லாம் போச்சு. உனக்கு மட்டும் இல்ல, பாப்பாவுக்கும் சேர்த்துத்தான்."

"நேரா போய்ச் சொல்லிடறேங்க. தெரியாம பண்ணேன்னு."

"முடிவு வரட்டும். அப்பறம் போய்ச் சொல்லிக்கலாம். அதுவரைக்கும் சந்தையில அந்த நூலை மட்டும் அறுத்துட்டு வையேன். நூல் இல்லைன்னா இன்னா கெட்டுப்போச்சு?"

அவர் பயம் நியாயமானதுதான். எத்தனை வருஷமாக விண்ணப்பம், நேர்காணல், கைரேகை, மறுபடி விண்ணப்பம் என்று அலைந்திருக்கிறார். அதனால் நான் போய்ச் சொல்லவில்லை. ஆனால் கத்தரிக்கோலை எடுத்து முதல் தோரணத்தின் முடிச்சில் வைத்தபோது கை ஓடவில்லை.

"அறுக்க மாட்டேங்க. நூல் இருக்கற வரைக்கும் இது கேட்டு எடுத்தது. அறுத்துட்டா திருடினது."

அவர் எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டார். யாழினி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திமிர் பிடித்தவள் என்று நீங்கள் நினைக்கலாம். சேகரும் அன்று அதைத்தான் நினைத்தார்.

6

சந்தை தீபத்தன்று வந்தது. லேசாகப் பனி. யாழினியைத் துணைக்கு அனுப்பியது சேகர்தான், நான் எங்கேயாவது உளறிவிடுவேன் என்று. அவளும் "நீ பேசாத, நான் பேசறேன்" என்று மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டாள். அவள் காபி வாங்கப் போன நேரத்தில் ஒரு அம்மாவிடம் சுவீடிஷில் இந்தத் தோரணம் வாடாது என்று சொல்ல நினைத்து, சாகாது என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு இரண்டாக வாங்கிக்கொண்டு போனார்.

மத்தியானம் ஒருத்தி வந்தாள். என் வயதுதான் இருக்கும். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், மேலே மாட்டுக்கொட்டகை வாசனை. தோரணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தவள் ஒரு முடிச்சில் நின்றுவிட்டாள். சட்டைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் நூல் துண்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். சுவீடிஷில் யாராக இருந்தாலும் "நீ"தான், "நீங்க" என்ற மரியாதைப் பேச்சே கிடையாது. அவள் சொன்னதை நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"நான்தான் ஆன்னிகா. ரெண்டும் ஒண்ணுதானே?"

எனக்குத் தெரிந்த சுவீடிஷ் முழுக்க ஓடிப்போய்விட்டது. பக்கத்து மேஜையில் தேன் விற்பவரும் எட்டிப் பார்த்தார். யாழினி என்னைப் பார்த்தாள். இந்த நூல் கடையில் எல்லோருக்கும் கிடைப்பதுதான், தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சேகரும் அதற்குத்தான் அவளை அனுப்பியிருந்தார். அவளுடைய குடியுரிமையும் அதில்தான் இருந்தது.

"ஆமா, எங்க நூல்தான்" என்றாள் யாழினி.

"எதுக்குக் கட்டினீங்க?"

"எங்க ஊர்ல வேர் எடுக்கறதுக்கு முன்னாடி மரத்தைக் கேட்டுட்டுத்தான் எடுப்போம். கேட்டதுக்கு நூல் கட்டுவோம்."

எங்க ஊர்ல என்றாள். எடுப்போம், கட்டுவோம் என்றாள். மொத்தம் மூன்று தடவைதான் அவள் திருவண்ணாமலைக்கு வந்திருக்கிறாள். அந்த மூன்று தடவையும் கொசு கடிக்கிறது என்று அழுதவள்.

"மரம் என்னோடது" என்றாள் ஆன்னிகா. "என்னைக் கேட்டீங்களா?"

"இல்ல. அது தப்பு. எங்களுக்குத் தெரியல."

ஆன்னிகா கோபத்தைக் கொட்டத்தான் செய்தாள். தனியாக நிற்கும் மரங்களை முதல் பெருங்காற்றே சாய்த்துவிடும். அதற்குள் இயந்திரத்தை இன்னொரு முறை வரவழைக்க வேண்டும். நான் தலையை ஆட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். அவள் பேச்சு கொஞ்சம் தணிந்தபோது நூலை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"உண்மையிலேயே திருட்டுன்னுதான் நினைச்சேன். போய்த் தோண்டிப் பார்த்தேன். ஒவ்வொரு மரத்துலயும் ஒரு பக்கம்தான் வேர் எடுத்திருக்கு. பாசியை இருந்த மாதிரியே திருப்பி வெச்சு மூடியிருக்கு. இது இன்னா திருடன்னு எனக்குப் புரியல. போலீஸுக்குப் போகாம விட்டதே அதனாலதான்."

அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. யாரும் பார்க்காத இடத்தில் செய்த வேலையை ஒருத்தி மண்ணைக் கிளறிப் பார்த்துச் சொல்கிறாள்! அண்ணன் பட்டறையில் ஆயிரம் விளக்குக்கூடு விற்றாலும் இந்தப் பாராட்டு அவனுக்குக் கிடைக்காது.

"மரம் சரின்னு சொல்லுச்சா?" என்று ஆன்னிகா கேட்டாள். கிண்டலா, நிஜமா என்று தெரியவில்லை. யாழினி என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள்.

"அம்மா, அது சரின்னு சொன்னா எப்படித் தெரியும்?"

"இழுத்தா நோகாம வரும். முரண்டு பிடிச்சா விட்டுட்டு வந்துடணும்."

அவள் அதை அப்படியே சொன்னாள். ஆன்னிகா தோரணத்தைத் தடவிப் பார்த்தாள்.

"வெட்டின பக்கமெல்லாம் அடிக்கட்டை கிடக்கு. வேரெல்லாம் சும்மாத்தான் கிடந்து மக்கப்போகுது. அங்க கேக்கறதுக்கு மரமும் இல்ல."

"நீங்க இருக்கீங்களே" என்றாள் யாழினி.

ஆன்னிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அப்ப கேளுங்க."

யாழினி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு என் முழங்கையைத் தொட்டாள்.

"நீயே கேளும்மா."

இந்த நாட்டில் நான் அனுமதி கேட்காத நாளே இல்லை. தங்கியிருக்க, வேலை செய்ய, இன்னும் கொஞ்சம் தங்கியிருக்க. எல்லாமே முகம் தெரியாத யாருக்கோ எழுதிப்போட்டுவிட்டு வருஷக்கணக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். குடியுரிமை முடிவு இன்றுவரை வரவில்லை. அன்று அந்தப் பனியில் எனக்கு எதிரே ஒரு மனுஷி கையைக் கட்டிக்கொண்டு, கேள் என்று நின்றாள்.

என் மகள் திருத்தாத என் சுவீடிஷில், உன் நிலத்தில் நான் வேர் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

ஆன்னிகா என் முகத்தைப் பார்த்து, எடுத்துக்கோ என்றாள்.